அந்த 0.01 சதவீதத்தில் யாரும் ஒளிந்திருக்கவில்லை

"தொண்ணூத்தொன்பது புள்ளி தொண்ணூத்தொன்பதுன்னுதானே சார் போட்டிருக்கு, நூறுன்னு போடலையே?"

டி.என்.ஏ. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்காதவர் குறைவு. வக்கீலாக இருந்தால் இன்னும் ஒரு படி மேலே போவார். பத்தாயிரம் பேரில் ஒருவருக்குத் தப்பாக வருகிறது, அந்த ஒருவர் என் கட்சிக்காரராக ஏன் இருக்கக்கூடாது என்பார். ஜீவனாம்சம் கொடுக்க மனமில்லாதவருக்கு இதைவிட வசதியான கணக்கு கிடைக்காது. ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

அந்த எண், ஆய்வுக்கூடம் எத்தனை முறை தவறு செய்யும் என்று சொல்கிற எண்ணே அல்ல.

நம் டி.என்.ஏ.வில் சில இடங்களில் ஒரு சிறு தொடர் அடுத்தடுத்துத் திரும்ப வரும். ஒருவருக்கு 9 முறை வரும், இன்னொருவருக்கு 14 முறை. இவற்றை எஸ்.டி.ஆர். என்போம். ஒவ்வோர் இடத்திலும் ஒருவருக்கு இரண்டு எண்கள் உண்டு; ஒன்று அம்மா கொடுத்தது, மற்றது அப்பா கொடுத்தது. பிள்ளைக்கு 11, 14 என்று இருக்கிறது. அம்மாவிடம் 11 மட்டும்தான் இருக்கிறது என்றால் 14 அப்பாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். சந்தேகிக்கப்படுபவரிடம் 14 இல்லையென்றால் அந்த இடம் பொருந்தவில்லை. இருந்தால், அந்த 14 மக்களிடையே எவ்வளவு அபூர்வமோ அவ்வளவுக்கு அவர் பக்கம் சாட்சியம் ஏறும்.

சராசரியாக ஓர் இடத்துக்கு மூன்று மடங்கு ஏறுகிறது என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து இடங்களைப் பார்த்தால் மூன்றைப் பதினைந்து முறை பெருக்க வேண்டும். விடை 1,43,48,907. சம்பந்தமில்லாத யாரோ ஒருவர் அப்பாவாக இருந்தால் கிடைக்கும் பொருத்தத்தைவிட, இவர் அப்பாவாக இருந்தால் கிடைக்கும் பொருத்தம் ஒன்றரைக் கோடி மடங்குக்குச் சற்றுக் குறைவாக வலுவானது என்று பொருள். ஆரம்பத்தில் 'இவராகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்று சரிபாதி வாய்ப்பு வைத்து, இதைச் சதவீதமாக மாற்றுகிறோம். ஒரு பெரிய எண்ணை, அதைவிட ஒன்று கூடுதலான எண்ணால் வகுக்கிறோம். நூறு எப்படி வரும்? இன்னும் பத்து இடங்களைச் சேர்த்துப் பார்த்தாலும் ஒன்பதுகள்தான் நீளும். வராத நூறைக் காட்டி வாய்தா கேட்பவர்கள் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை ஒருமுறை புரட்டட்டும்.

'இவர் அப்பா இல்லை' என்ற முடிவுக்கு இந்தச் சதவீதமே தேவைப்படாது. பல இடங்கள் ஒத்துப்போகாது, அவ்வளவுதான். ஓர் இடம் மட்டும் இடறினால் அவசரப்பட மாட்டோம். அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது 14 என்பது 15 ஆகிவிடும் திடீர் மாற்றம், ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு முறை நடக்கக்கூடியது. இருபது இடங்களைப் பார்த்தால், நூறு உண்மையான அப்பாக்களில் இரண்டு முதல் நான்கு பேருக்கு ஏதோ ஓர் இடம் இடறத்தான் செய்யும். அதனால்தான் ஒன்றிரண்டு பொருந்தாமையை வைத்து யாரையும் விலக்குவதில்லை. கூடுதல் இடங்களைப் பார்ப்போம்.

உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. அதை ஒருவரும் கேட்பதில்லை. 'சம்பந்தமில்லாத யாரோ ஒருவர்' என்றேனே, அங்கேதான். சந்தேகம் அவருடைய அண்ணன் மீதோ தம்பி மீதோ இருந்தால் மேலே போட்ட கணக்கு செல்லாது. உடன்பிறந்தவர்கள் பாதியளவு பொதுவாகவே வைத்திருப்பார்கள். முன்கூட்டியே சொன்னால் அதற்கென்று தனிக் கணக்கு போடலாம், அவரிடமும் மாதிரி எடுக்கலாம். குடும்ப மானம் என்று மறைத்துவிட்டுப் பிறகு சோதனையைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஒருகரு இரட்டையர்களை மட்டும் வழக்கமான எஸ்.டி.ஆர். சோதனையால் பிரிக்க முடியாது.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். ரத்தம் ஏற்றினால் டி.என்.ஏ. மாறிவிடுமா? மாறாது. சிவப்பணுவில் உட்கருவே கிடையாது. கூட வரும் சொற்ப வெள்ளணுக்கள் சீக்கிரம் போய்விடும். ஆனாலும் சமீபத்தில் ஏற்றியிருந்தால் சொல்லுங்கள், கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் எடுத்துக்கொள்வோம். எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவர் கட்டாயம் சொல்ல வேண்டும், அவர் ரத்தத்தில் இருப்பது கொடையாளரின் டி.என்.ஏ. முகச்சாயல்? பாட்டிமாருக்கு விட்டுவிடுகிறேன்.

'அப்பா ஏ, அம்மா பி, பிள்ளை ஓ, எப்படி?' என்று மனைவியைக் கேட்கும் கணவர்களுக்கு: தாராளமாகப் பிறக்கும். அப்பாவும் அம்மாவும் ஓ என்று ரிப்போர்ட் வந்து பிள்ளை ஏ என்று வந்தால்கூட நிதானமாக இருங்கள். 1952-இல் பம்பாயில் கண்டறியப்பட்ட பாம்பே வகை ரத்தம், சாதாரணப் பரிசோதனையில் ஓ போலவே தெரியும். உள்ளே ஏ மரபணு இருக்கலாம். ரத்த வகையை மட்டும் வைத்துக் குடும்பத்தைப் பிரிக்காதீர்கள்.

நினைத்தவுடன் கோர்ட்டில் டி.என்.ஏ. கேட்டு வாங்கிவிடலாம் என்பதும் தப்பு. திருமண உறவில் பிறந்த பிள்ளை கணவனுடையது என்றே சட்டம் கொள்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 116. சோதனை ஏற்கெனவே நடந்து 'இல்லை' என்று வந்தபோது, 2014-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் அனுமானத்தைவிட அறிவியலை ஏற்றது. அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் கேரள வழக்கொன்றில், பிள்ளை பிறந்த காலத்தில் கணவன் மனைவி சேர்ந்து வாழ்ந்ததால் வேறொருவரைச் சோதனைக்கு இழுக்கவே விடவில்லை. முன்னாள் முதல்வர் என்.டி. திவாரியோ, அவர்தான் தன் அப்பா என்று ஒருவர் தொடுத்த வழக்கில் ஆண்டுக்கணக்கில் மறுத்து, 2012-இல்தான் ரத்தம் கொடுத்தார். ஹைதராபாத் ஆய்வு மையம் அவர்தான் அப்பா என்றது.

எனக்கு உண்மையாகக் கோபம் வருவது கூரியரில் வரும் 'வீட்டுச் சோதனை' பெட்டியைப் பார்த்தால்தான். நீதிமன்றச் சோதனையில் அடையாள அட்டை, புகைப்படம், கைரேகை, சாட்சி, முத்திரை எல்லாம் உண்டு. பெட்டியில் வருவது யாருடைய எச்சில் என்று யாருக்குத் தெரியும்? இயந்திரம் கொடுத்ததைச் சரியாகத்தான் படிக்கும். தம்பியின் எச்சிலைக் கொடுத்தால் தம்பியைப் படிக்கும். அதைவிட மோசம், அம்மாவுக்குத் தெரியாமல் தூங்குகிற பிள்ளையின் வாயில் குச்சியை விட்டு அனுப்புகிறார்கள். பிரிட்டனில் சம்மதமில்லாமல் இப்படிச் சோதிப்பது, 2004-இல் இயற்றிய மனிதத் திசுச் சட்டத்தின்படி குற்றம். இங்கே 2019-இல் மக்களவையில் வைத்த டி.என்.ஏ. தொழில்நுட்ப மசோதா 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. அதில் குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் ஆய்வுக்கூடங்களுக்குக் கட்டாய அங்கீகாரம், பிள்ளையின் மாதிரிக்குச் சட்டபூர்வ சம்மதம் ஆகிய இரண்டையும் மட்டுமாவது தனிச் சட்டமாகக் கொண்டுவர என்ன தடை? அது வரும்வரை, பணம் கட்டும் முன் இரண்டைக் கேளுங்கள்: என்.ஏ.பி.எல். அங்கீகாரம் டி.என்.ஏ. சோதனைக்கே இருக்கிறதா, மாதிரியை யார் முன்னிலையில் எடுப்பீர்கள். இரண்டாவதற்கு 'நீங்களே எடுத்து அனுப்புங்க சார்' என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள்.