முதல் புயல் வழக்கை எடுத்திருக்கும் தம்பிக்கு



கோட்டு மாட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் புயலில் கூரை போன ஒருவர், இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்த கடிதத்தோடு உன்னைத் தேடி வந்திருக்கிறார். நல்லது. வக்கீல் நோட்டீஸ் எழுத உடனே உட்கார்ந்துவிடாதே.

முதலில் பாலிசியைப் படி. கட்சிக்காரர் கையில் அது இருக்காது. வீட்டுக் கடனோடு பாங்க்கே எடுத்த பாலிசி என்றால் அங்கேதான் கிடக்கும். எழுதிக் கேட்டு வாங்கு. 2021 ஏப்ரலுக்குப் பிறகு எடுத்தது பெரும்பாலும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’வாக இருக்கும். புயலும் வெள்ளமும் அதில் அடக்கம். வீட்டின் மதிப்பைக் குறைத்துக் காட்டினீர்கள் என்று விகிதம் போட்டு இழப்பீட்டை வெட்டும் பழைய வழக்கம் அதில் கிடையாது.

அடுத்து, நிராகரிப்புக் கடிதம். நூற்றுக்குத் தொண்ணூறு கடிதங்களில் ‘தேய்மானம், பராமரிப்பின்மை’ என்றுதான் இருக்கும் என்று நான் பந்தயமே கட்டுவேன். கூரைத் தகடு பறந்ததற்குக் காரணம் காற்றல்ல, துருப்பிடித்த ஜே போல்ட்தான் என்று கம்பெனி அனுப்பிய சர்வேயர் எழுதியிருப்பார். நேரில் போய்ப் பார். துருவால் அற்றிருந்தால் போல்ட்டின் கழுத்து மெலிந்திருக்கும், தகட்டின் ஓட்டை அப்படியே வட்டமாக இருக்கும். காற்று தூக்கியிருந்தால் ஓட்டையைச் சுற்றித் தகடு கிழிந்திருக்கும், போல்ட் வளைந்து நிற்கும். அந்தக் கிழிசலைப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடு. உடைந்த தகட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது காற்று மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டியது. அந்த வேகத்தில் புதுக் கூரையும் போனது. உன் வழக்கின் புயலுக்கும் வானிலை மையத்தின் பதிவு இருக்கும், வாங்கி வை. வி.ஏ.ஓ. எடுத்த சேதக் கணக்கில் அதே தெருவின் மற்ற வீடுகள் இருந்தால் இன்னும் பலம்.

கம்பெனி கடிதத்தில் சொன்ன காரணம்தான் அதற்குக் கடைசிவரை. நுகர்வோர் கமிஷனில் வந்து புதுக் காரணம் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் கலாடா பவர் வழக்கிலும் 2019-ல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கிலும் சொல்லிவிட்டது. சர்வேயர் அறிக்கை கடைசி வார்த்தை அல்ல என்பது 2009-லேயே பிரதீப் குமார் வழக்கில் வந்துவிட்டது. தாமதமாகத் தகவல் சொன்னார் என்பது மட்டுமே காரணமென்றால் 2017 ஓம் பிரகாஷ் தீர்ப்பைக் காட்டு. கரண்டும் செல்போன் டவரும் இல்லாத ஊரிலிருந்து எப்படித் தகவல் சொல்வது?

இனிச் சொல்வது உனக்குப் பிடிக்காது. ஐம்பது லட்சத்துக்குள் உள்ள கோரிக்கையை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் கொண்டுபோகலாம். கட்டணமில்லை. கம்பெனிக்கு முதலில் எழுதி, பதில் திருப்தியில்லை என்றாலோ ஒரு மாதம் பதிலே இல்லை என்றாலோ போகலாம். அங்கே வக்கீலுக்கு இடமில்லை. வீட்டுக்காரரே பேச வேண்டும். தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், அவரைக் கட்டுப்படுத்தாது. போதவில்லை என்றால் பிறகு நுகர்வோர் கமிஷனுக்கு வரலாம், அப்போது நீ வாதாடு. இந்த வழியைச் சொல்லாமல் நேரே கமிஷனில் மனுப் போட்டு ஃபீஸ் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆம்புட்ஸ்மனுக்கான மனுவை அவருக்காக நீயே எழுதிக் கொடு, எழுத்துக்கூலி வாங்கிக்கொள்.

இன்னொன்று: பாலிசியில் பாங்க்கின் பெயர் இருந்தால், ஜெயித்த பணம் கடன் கணக்குக்குப் போகக்கூடும். இதை முன்னாலேயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் பிறகு உன்மேல் வருத்தப்படுவார்.

ஆம்புட்ஸ்மனுக்குக் கெடு நிராகரிப்பிலிருந்து ஒரு வருஷம், கமிஷனுக்கு இரண்டு வருஷம். அந்தக் கடிதத்தின் தேதியைக் கட்டின் மேலட்டையில் சிவப்பு மையில் இன்றே எழுதி வை.