இடம் இருந்தும் 'இடமில்லை' என்கிறதா?

2011-இல் தொடங்கிய தமிழக அரசுத் திட்டத்தின் விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் பாஸ் லினக்ஸ் இயங்குதளம் உண்டு. சங்கரன்கோவில் பக்கம் அவற்றை இன்னும் ஓட்டுகிறவர்கள் கவனிக்க: டிஸ்கில் இடம் இருந்தும் புது மென்பொருள் ஏறவில்லையென்றால், ஐநோடு (கோப்பின் விவரப் பதிவு) தீர்ந்திருக்கலாம்.

• ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் ஐநோடு தேவை. பதிவேட்டில் வரி தீர்ந்துவிட்டால், குடோன் காலியாக இருந்தும் சரக்கை வரவு வைக்க முடியாத கதைதான்.

• ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில் வழக்கமாக 16 கேபி-க்கு ஓர் ஐநோடு. 16 ஜிபி பார்ட்டிஷனில் சுமார் 10 லட்சம்.

• டெர்மினலில் 'டிஎஃப் -ஐ' கட்டளையைச் சின்ன எழுத்தில் அடியுங்கள். 100 சதவீதம் என்று காட்டினால் காரணம் இதுதான்.

• ஒரு பெரிய சினிமாவை அழித்தால் ஓர் ஐநோடுதான் விடுபடும். அதனால் சிறு கோப்புகள் நிறைந்த பழைய கெர்னல் ஹெட்டர்கள், குவிந்த தற்காலிகக் கோப்புகளை நீக்குங்கள்.

• ஃபார்மட் செய்யும்போதே ஐநோடு எண்ணிக்கை முடிவாகிறது. மறுபடி ஃபார்மட் செய்வதானால், முதலில் படங்களையும் சான்றிதழ்களையும் பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள்.