மருத்துவ மர்மக் கதை எழுதும் இளைஞருக்கு

பதுளை

அன்புள்ள தம்பி,

உமது நாவலின் கையெழுத்துப் பிரதியை வாசித்தவர்கள் எழுதித் தந்த அபிப்பிராயங்களையெல்லாம் ஒரு கட்டாகக் கட்டி, இவற்றுள் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று கேட்டு எனக்கு அனுப்பியிருந்தீர். லுணுகலையிலும் ஹாலி-எலயிலும் மடுல்சீமையிலும் உள்ள வாசகர்கள், பகலெல்லாம் மலையிலும் ஸ்டோரிலும் கடையிலும் பாடுபட்ட களைப்போடு, இரவில் ஒரு கதையைப் படித்து முடித்து, அதைப் பற்றித் தம் மனத்தில் பட்டதை ஒளிவுமறைவின்றி எழுதித் தந்திருக்கிறார்கள் என்பதே நம் ஊவாவின் இலக்கிய வாழ்வுக்கு நல்ல சகுனம். ஆகையால் நாவலைப் படித்த அதே சிரத்தையுடன் அந்தத் தாள்களையும் படித்தேன். உம்மைப் போலவே மருத்துவத்தையும் பிறப்புரிமையியலையும் கதைப்பொருளாக எடுக்க விரும்பும் வேறு சிலரும் இந்தப் பகுதியில் இருப்பதால், என் பதிலைப் பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

கதையை அறியாதவர்களுக்காக ஓரிரு வார்த்தை. நமுனுகுல மலைச் சாரலில் ஒரு தோட்டம். இலவச வைத்திய முகாம் என்ற பெயரில் அங்கே வந்திறங்கும் ஓர் அந்நியக் கம்பெனி. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயால் வாடும் ஒரு சிறுவனை ஒரே ஊசியில் குணப்படுத்திக் காட்டி ஜனங்களின் நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொண்டு, பிறகு லயத்துப் பிள்ளைகளின் மரபணுவை மாற்றிக் களைப்பறியாத ஒரு தொழிலாளர் பரம்பரையை உண்டாக்க முயலும் விஞ்ஞானி. அந்தச் சூழ்ச்சியைக் கண்டுபிடிக்கும் இளம் தாதி. இவ்வளவுதான் கதை.

ஒரே மூச்சில் படித்து முடித்தோம் என்று எழுதியவர்களே அதிகம். அதைக் கேட்டு நீர் மகிழ்வது நியாயமே. விறுவிறுப்பு உமக்கு வசப்பட்டிருக்கிறது, அதைப் பற்றி நான் மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

உம்மை நோகச் செய்தது பிரதியை வாசித்த ஒரு வைத்தியரின் குறிப்பு என்று அறிகிறேன். வளர்ந்த ஒரு பிள்ளையின் உடம்பிலுள்ள கோடானுகோடி உயிரணுக்களையும் புஜத்தில் போடும் ஓர் ஊசியால் ஒரே நாளில் மாற்றிவிட முடியாது என்று அவர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார். கற்பனைக்கு அவ்வளவு சுதந்திரம்கூடக் கிடையாதா என்று நீர் கேட்கிறீர். மைக்கேல் கிரைட்டன் 1990இல் வெளியிட்ட ‘ஜுராசிக் பார்க்’ நாவலில், பிசினுக்குள் அகப்பட்ட கொசுவின் வயிற்றிலிருந்து டைனோசரின் மரபணுவை எடுக்கிறார்களே, கோடிக்கணக்கான ஆண்டுகள் கழிந்தபின் மரபணு சிதையாமல் இருக்காதென்று தெரிந்தும் உலகம் அதைக் கொண்டாடியதே என்பது உமது வாதம். 2011 தீபாவளிக்கு வந்த ‘ஏழாம் அறிவு’ படத்தையும் நீர் துணைக்கு அழைக்கிறீர். போதிதர்மரின் ஆற்றலை அவர் வழிவந்த ஒருவனது மரபணுவிலிருந்து மீட்டெடுக்கும் அந்தக் கதையில், கற்ற வித்தையும் பெற்ற ஞாபகமும் இரத்தத்தின் வழியே இறங்கி வருவதில்லை என்ற சாதாரண உண்மை மீறப்பட்டிருந்தும், தமிழன் என்ற பெருமிதத்தோடு ஜனங்கள் கொட்டகையைவிட்டு வெளியே வந்தார்கள் என்கிறீர். இரண்டும் மெய்யே. ஆனால் தம்பி, டைனோசருக்கு மருந்து தேடி எவரும் பஸ் ஏறுவதில்லை. போதிதர்மரின் வித்தை கைகூடவில்லையே என்று எந்தத் தாயும் அழுததில்லை. உமது சிறுவனுக்கு வந்திருக்கும் நோயோ, பதுளைப் பெரியாஸ்பத்திரியில் தனியே ஒரு பிரிவு வைத்துப் பார்க்கப்படும் நோய். அந்தப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுள் உமது வாசகரான ஒரு தாயும் இருக்கிறார்.

அவர் எழுதிய தாளை நீர் கட்டின் அடியில் வைத்திருந்தீர். பள்ளிப் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றைத் தாள். சிவப்புக் கோட்டுக்கு உட்பட்டு, எழுத்துகள் கோணாமல், பாதிப் பக்கம். கதை நன்றா இல்லையா என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டாம் அத்தியாயத்தில் வரும் அந்த ஊசி பதுளையில் கிடைக்குமா, கொழும்புக்குத்தான் போக வேண்டுமா, என்ன செலவாகும் என்று மட்டும் கேட்டிருக்கிறார். அவர் பெயரையும் தோட்டத்தையும் இங்கே எழுதப் போவதில்லை. உமக்குக் கிடைத்த அபிப்பிராயங்களுள் தலையாயது இதுவே என்பது என் தீர்மானமான எண்ணம். வில்லனின் வஞ்சகத்துக்கு முன்னுரையாக நீர் வைத்த ஒரு பொய்ச் சிகிச்சையை அவர் தம் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய வாழ்வாக வாசித்திருக்கிறார்; அதற்குப் பின்வரும் பக்கங்களில் நிகழும் கொலைகளும் துரத்தல்களும் அவர் மனத்தில் பதியவே இல்லை.

அந்தத் தாயின் இரவு எப்படிப்பட்டதென்பதை நீர் அறிந்திருந்தால் அந்த அத்தியாயத்தை வேறுவிதமாக எழுதியிருப்பீர். கடுமையான தலசீமியா உள்ள பிள்ளைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கொருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்திலுள்ள இரும்பு உடம்பைவிட்டு வெளியேற வழியில்லாமல் ஈரலிலும் இருதயத்திலும் படிகிறது. உயிர்காக்கும் இரத்தமே காலப்போக்கில் இருதயத்தைக் கெடுத்துவிடுகிறது. அந்த இரும்பை வெளியேற்ற, வயிற்றுத் தோலின் கீழ் மெல்லிய ஊசியொன்றைச் செருகி, அதனோடு இணைத்த சிறு பம்பை இடுப்பில் கட்டிவிட்டு, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்க விடுவார்கள். வாரத்தில் ஐந்தாறு இரவுகள் இப்படி. இப்போது விழுங்கும் மருந்துகளும் வந்திருக்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும் லயத்து அறையில், விளக்கை அணைத்த பிறகு, புரண்டு படுக்கும் பிள்ளையின் ஊசி கழன்றுவிடுமோ என்று தூங்காமலிருந்து, விடிந்ததும் பெரட்டுக்குப் போய்க் கூடையைத் தூக்கும் ஒரு பெண்ணின் நாளைவிட விறுவிறுப்பான மர்மக் கதை வேறெங்கே இருக்கிறது?

அவர் கேட்ட ஊசி ஒருவகையில் உலகத்தில் இருக்கிறது என்பதும் உமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிறிஸ்பர் முறையை 2012இல் விளக்கிய சார்ப்பந்தியே, டௌட்னா என்ற இரு பெண் விஞ்ஞானிகள் 2020இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த முறையில் உருவான காஸ்ஜெவி என்ற சிகிச்சைக்கு, அரிவாள் செல் நோய்க்கும் தலசீமியாவுக்குமாக, 2023 நவம்பரில் பிரித்தானியா முதன்முதலாக அனுமதி வழங்கியது. அதன் விதத்தைப் பாரும். கருப்பையிலிருக்கும் சிசுவுக்கென்று ஒரு தனி ஹீமோகுளோபின் உண்டு. பிறந்த சில மாதங்களில் அதன் உற்பத்தியை உடம்பே ஓர் ஆளியைத் திருப்பி நிறுத்துவதுபோல நிறுத்திவிடுகிறது. நோயாளியின் இரத்த மூல உயிரணுக்களை வெளியே எடுத்து, ஆய்வுகூடத்தில் அந்த ஆளியைக் கெடுத்து, எலும்பு மச்சையிலுள்ள பழைய உயிரணுக்களைக் கடும் மருந்தால் அழித்துவிட்டுப் புதியவற்றைத் திரும்பச் செலுத்துகிறார்கள். பழைய குறை அப்படியே இருக்க, சிசுப் பருவத்து ஹீமோகுளோபின் மறுபடி சுரக்கத் தொடங்குகிறது. மாதக்கணக்கில் நீளும் சிகிச்சை. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர். ஒரே ஊசி என்று நீர் எழுதிய வரியை எடுத்துவிட்டு இதை எழுதும். மருந்து இருக்கிறது, நமக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது என்ற மெய்யான துயரம், உமது வில்லனின் சிரிப்பைவிட ஆயிரம் மடங்கு ஆழமாக வாசகன் நெஞ்சில் இறங்கும்.

இந்த நோய் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் நாவலுக்கு ஏற்ற பொருளே. மலேரியா மலிந்திருந்த பூமிகளில், தலசீமியா மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் உடையவர்கள் அந்தக் காய்ச்சலைத் தாங்கிப் பிழைத்தார்கள். அதனால் அது பரம்பரை பரம்பரையாக நிலைத்தது. 1957இல் இந்தியாவில் குடியேறி அங்கேயே மறைந்த ஜே. பி. எஸ். ஹால்டேன் என்ற பேரறிஞர் 1940களின் இறுதியில் இதை ஊகித்துச் சொன்னார். 2016இல் இலங்கை மலேரியாவிலிருந்து விடுபட்ட நாடென்று உலக சுகாதார தாபனம் அறிவித்தது. காய்ச்சல் போய்விட்டது, அதற்குக் காவலாக வந்த மரபணு நம் இரத்தத்தில் தங்கிவிட்டது. இதில் எவருடைய சூழ்ச்சியும் இல்லை. ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர் ஆரோக்கியமாகவே இருப்பார். அப்படிச் சுமக்கும் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு சாத்தியம். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் நம் வழக்கத்தை உமது கதையில் வரும் வைத்தியர் ஏளனம் செய்கிறார் என்று ஒரு பெரியவர் கோபித்து எழுதியிருக்கிறார். உறவுக்குள் மணம் செய்வதால் இத்தகைய நோய்களின் சாத்தியம் கூடுமென்ற விஞ்ஞானம் சரி, ஏளனம் தவறு. கல்யாணப் பேச்சு எடுக்குமுன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று அந்த வைத்தியர் அன்போடு சொல்லட்டும். கதையின் வேகம் அதனால் குறைந்துவிடாது.

குளோன் என்ற சொல் வரும் இடங்களிலெல்லாம் நீர் இருளையும் இடியையும் வரவழைக்கிறீர். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கன்று மேடையில் வேலை செய்யும் வாசகர் ஒருவர், நாங்கள் தினமும் செய்வது அதுதானே, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று எழுதியிருப்பதைக் கவனித்தீரா? ஒரு தாய்ச்செடியின் கிளையை, கணுவுக்கு ஓர் இலையாக நறுக்கி, மண் நிரப்பிய சிறு பொலித்தீன் பையில் ஊன்றி, நிழற்பந்தலின் கீழ் ஈரம் காயாமல் காத்து, வேர்விட்டதும் மலைக்குக் கொண்டுபோய் நடுகிறார்களே, நாம் வீ.பி. என்னும் அந்த மலை முழுவதும் ஒரே செடியின் பிரதிதான்; விதையிலிருந்து முளைத்த பழைய தேயிலையில்தான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தெரிந்தெடுத்த இனங்கள் எத்தனையோ மலைகளை மூடியிருக்கின்றன. ஒரே இனமாக நட்ட மலையில் ஒரு நோய் புகுந்தால் எல்லாச் செடிகளும் ஒருங்கே அதற்கு இலக்காகும் என்ற அபாயம் மெய்யானது, அதை எழுதலாம். தன் விரலால் குளோனை நட்டு வளர்க்கும் வாசகருக்கு முன்னால் அந்தச் சொல்லையே பூச்சாண்டியாக்குவது எடுபடாது.

இனி, பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயதான ஓர் அம்மா சொல்லச் சொல்லப் பேத்தி எழுதிய தாள் ஒன்று அந்தக் கட்டினுள் இருக்கிறது. இதெல்லாம் எங்களுக்கு நடந்ததுதானே என்பதே அதன் சாரம். அவர் சொல்வது மரபணுவைப் பற்றியதன்று. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசாங்கமே பணம் கொடுத்த காலத்தில், அந்தச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களின் வீதம் தோட்டங்களில் நாட்டின் ஏனைய பகுதிகளைவிட மிக உயர்ந்து நின்றது. இன்னதுக்குச் சம்மதிக்கிறோம் என்று முழுதும் விளங்காமலே போனோம் என்ற ஆதங்கம் அந்தத் தலைமுறைப் பெண்கள் பலரிடம் இன்றும் உண்டு. ஆகவே அவருடைய பயத்தை அறியாமை என்று தள்ளக்கூடாது, அது அநுபவம். ஆனால் அதே பயத்தைக் கொண்டு இந்த நாட்டில் என்ன செய்ய முடியும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2019இல் குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களை இரகசியமாக மலடாக்கினார் என்று ஒரு செய்தி பரவியது, அவர் கைதானார், குற்றத்துக்கு ஆதாரம் இல்லையென்று விசாரித்தவர்களே சொல்லும் நிலை வந்தது. மர்ம நாவலின் அமைப்பு முழுவதும் அந்தச் செய்தியில் இருந்தது: வெள்ளை அங்கி, இரகசியக் கத்தி, ஏமாந்த தாய்மார். நாவலை நாவலென்று அறிந்து படிக்கிறோம் என்ற காப்பு ஒன்று மட்டும் அதில் இல்லை. 1916இல் ராக்பெல்லர் தாபனத்தார் கொக்கிப்புழு நோயை ஒழிக்க நம் தோட்டங்களுக்கு வந்தபோதும் அந்நியர்கள்தாம் வந்தார்கள். அவர்கள் எதிர்த்து நின்றது மெய்யான நோயை. வந்தவன் அந்நியன் என்பதால் மட்டும் ஒருவன் வில்லனாகிவிட மாட்டான்.

அப்படியானால் வில்லன் யார் என்று கேட்பீர். ராபின் குக் என்ற வைத்தியர், ‘கோமா’ எழுதிப் புகழ்பெற்றவர், 1989இல் ‘மியூட்டேஷன்’ என்றொரு நாவல் எழுதினார். தன் மகனையே கருவில் மாற்றியமைக்கும் மருத்துவ விஞ்ஞானியின் கதை. 2018 நவம்பரில், கருவிலேயே மரபணு மாற்றிய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்திருப்பதாகச் சீன விஞ்ஞானி ஹெ ஜியான்குய் பகிரங்கமாக அறிவித்தார். மறு ஆண்டின் இறுதியில் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. எச்.ஐ.வி.யிலிருந்து பிள்ளைகளைக் காக்கிறேன் என்பதே அவர் சொன்ன நோக்கம். அவரிடம் இடியோசைச் சிரிப்பு எதுவும் இல்லை. நல்லது செய்கிறேன் என்ற உறுதியோடு, பெற்றோர் முழுதும் விளங்கிக்கொண்டார்களா என்பதைச் சரிவரப் பாராமல், பிறக்கப்போகும் பிள்ளைகளிடமோ கேட்கவே வழியில்லாமல், மீளமுடியாத காரியத்தைச் செய்துவிடும் மனிதனே இந்தத் துறையின் மெய்யான வில்லன். அந்த அம்மாவின் தாளும் அதைத்தான் சொல்கிறது. உமது கதையின் உச்சக்கட்டத்தைச் சுரங்க ஆய்வுகூடத்திலிருந்து தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மாற்றும். தனக்கு விளங்காத பாஷையில் அச்சிட்ட சம்மதப் பத்திரத்தில் ஒரு தகப்பன் பெருவிரலை வைக்கும் நேரத்தில், உமது தாதி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தி, வாசித்துக் காட்டட்டும்.

ஊவாகட்டவளைத் தோட்டத்தில் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்து, அந்தப் பெயரையே சூடிக்கொண்ட ஜோசப் அவர்களுக்கு 2013இல் விஷ்ணுபுரம் விருது கிடைத்ததை நீர் அறிவீர். மருத்துவரான நந்தி ‘மலைக்கொழுந்து’ எழுதினார். இருவரையும் மீண்டும் படியும். மர்மம் எழுதுகிறவனுக்கு அவர்கள் எதற்கு என்று எண்ணாதீர். லயத்துக்குள் நடக்கும் ஒரு சம்பாஷணையை எப்படிக் கேட்பதென்று அவர்களிடமிருந்தே கற்க வேண்டும். உமது மனிதர்கள் இன்னும் தொலைக்காட்சி நாடகப் பாஷையே பேசுகிறார்கள்.

திருத்த வேலையைத் தொடங்குமுன் அந்தத் தாய்க்குப் பதில் எழுதும். அந்த ஊசி கற்பனை என்பதை முதல் வரியிலேயே சொல்லும். மெய்யான சிகிச்சை எங்கே, என்ன நிலையில் இருக்கிறது என்பதை அவருக்கு விளங்கும் தமிழில் எழுதும். அடுத்த முறை இரத்தம் ஏற்றப் போகும்போது மற்றப் பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டுமா என்று பெரியாஸ்பத்திரி வைத்தியரிடம் கேட்கச் சொல்லும். எழுதிய கடிதத்தை அனுப்புமுன், பென்சிலால் குறிப்பெழுதிய அந்த வைத்தியரிடம் ஒருமுறை காட்டும், அவர் உதவுவார். இரண்டாம் அத்தியாயம் திருந்திய பிறகு எனக்கு அனுப்பினால் போதும்.

உமது நலம் நாடும்,
ஒரு மூத்த எழுத்தாளன்