பின்சக்கர ஹக்கர்: நம்புவதும் நடப்பதும்

மோனோஷாக் பைக் வைத்திருப்பவர்கள் வாங்கிப் பூட்டும் உதிரிகளில் டயர் ஹக்கரைப் போலத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது வேறொன்று இல்லை என்பது என் எண்ணம். சட்டையில் சேறு படாது என்று சிலர் வாங்குகிறார்கள். பந்தய பைக்கில் பார்த்த ஆசையில் சிலர் வாங்குகிறார்கள். அதைப் பூட்ட இடம் வேண்டும் என்பதற்காகக் கழற்றவே கூடாத ஒன்றைக் கழற்றிக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால்தான் இந்த முறை இதை எடுத்துக்கொண்டேன்.

கடையில் ஹக்கர் என்று கேட்டால் இரண்டு வேறு பொருள்களை எடுத்து வைப்பார்கள். ஒன்று, ஸ்விங் ஆர்மில் பூட்டப்பட்டு டயரின் மேல்பக்கத்தையும் முன்பக்கத்தையும் ஒட்டி மூடும் சின்ன மட்கார்டு. இன்னொன்று, ஆக்சில் பக்கமிருந்து கம்பி நீட்டி டயருக்குப் பின்னால் நிற்பது. பலவற்றில் நம்பர் பிளேட்டும் அதிலேயே இருக்கும். இரண்டின் வேலையும் வேறு வேறு.

“ஹக்கர் போட்டால் முதுகில் சேறு அடிக்காது”

எந்த ஹக்கர் என்பதைப் பொறுத்தது. பைக் முன்னோக்கி ஓடும்போது பின்டயரின் பின்பக்கம் கீழிருந்து மேலே ஏறுகிறது, உச்சி முன்னோக்கிப் போகிறது, முன்பக்கம் கீழே இறங்குகிறது. தண்ணீரும் மணலும் டயரை விட்டுப் பிரியும் இடத்தில் டயர் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில்தான் பறக்கும். பின்பக்கத்தில் பிரிவது மேலே எழும்பி டெயில் லைட்டிலும் பின்னால் உட்கார்ந்திருப்பவர் முதுகிலும் அடிக்கும். உச்சி வரை ஒட்டிக்கொண்டு வந்து அங்கே பிரிவது முன்னோக்கிப் பாயும். அங்கே இருப்பது ஷாக் அப்சார்பர்.

டயரின் மேலே உட்காரும் ஹக்கர் தடுப்பது இந்த இரண்டாவது வீச்சை. முதுகில் விழும் சேற்றுக்கோடு அதனால் பெரிதாகக் குறையாது. முதுகுதான் கவலை என்றால் டயருக்குப் பின்னால் நிற்கும் வகையை வாங்குங்கள், அல்லது கம்பெனி கொடுத்த பின் மட்கார்டை வெட்டாமல் வைத்திருங்கள். அதுவே போதும்.

ஆனால் மேல்வகை ஹக்கர் காப்பாற்றுவது சட்டையைவிட விலை கூடியது. மழையில் ஒரு நீண்ட பயணம் போய் வந்ததும் டார்ச் அடித்து மோனோஷாக்கைப் பாருங்கள். ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே தெரியும் பளபளப்பான ராடில், ஆயில் சீல் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், பொடி மணல் வட்டமாக ஒட்டியிருக்கும். அந்த வட்டம் ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் சீல் கசியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு பள்ளத்திலும் ராடு உள்ளே போய் வரும்போது மணல் குரோம் பூச்சைக் கீறும். கீறல் சீலின் உதட்டைக் கிழிக்கும், எண்ணெய் வெளியேறும், அதன்பின் ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்கும், அதை அடக்க ஆள் இருக்காது. பல மாடல்களில் ஷாக்கைப் பிரித்துச் சரிசெய்ய வழி இல்லாததால் முழுதாக மாற்ற நேரும். யமஹா ஆர்15 போல லிங்க் வைத்த பைக்குகளில் இன்னொரு நஷ்டமும் உண்டு. லிங்க் பேரிங்குகளின் கிரீஸைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு போய், உள்ளே துரு ஏறி, பின்சக்கரம் மேலும் கீழுமாக லேசாக ஆடத் தொடங்கும்.

“மட்கார்டு இருக்கும்போது ஹக்கர் எதற்கு?”

சீட்டுக்கு அடியில் பிரேமோடு சேர்ந்த மட்கார்டு அசையாது. சக்கரமோ பள்ளத்தில் 120, 130 மி.மீ. மேலே ஏறி வரக்கூடியது. அந்த அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் மட்கார்டை வைக்க முடியும், அந்த இடைவெளி வழியாகத்தான் சேறு முன்னால் பாய்கிறது. ஹக்கர் ஸ்விங் ஆர்மோடு சேர்ந்து ஏறி இறங்குவதால் டயரை ஒட்டி நிற்க முடிகிறது.

ஸ்ப்ளெண்டர், கிளாசிக் 350 மாதிரி இரண்டு பக்கமும் ஷாக் வைத்த பைக்குகளின் கதை வேறு. ஷாக்குகள் டயரின் வீச்சுக்கு வெளியே நிற்கின்றன, மட்கார்டும் முழு நீளத்துக்கு இருக்கிறது. அவற்றுக்கு ஹக்கர் வாங்குவது வீண் செலவு.

“சாரி கார்டைக் கழற்றிவிட்டு ஹக்கர் போட்டுக்கொள்ளலாம், இரண்டும் ஒன்றுதானே”

ஒன்றல்ல. ஹக்கர் டயரின் மேல்பரப்பை மூடுவது. சாரி கார்டு சக்கரத்தின் பக்கவாட்டை மூடுவது. புடவை முந்தானையும் துப்பட்டாவும் வேட்டி நுனியும் சக்கரத்துக்குள் போவது பக்கவாட்டு வழியாக, ஸ்போக்குகளுக்கும் செயினுக்கும் இடையில். ஓடும் சக்கரத்தில் துணியின் ஒரு முனை சிக்கினால் கண் இமைக்கும் நேரத்தில் மொத்தத் துணியும் சுற்றிக்கொள்ளும். துப்பட்டா கழுத்தைச் சுற்றியிருந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 123-ஆம் விதி இதைப் பற்றியதுதான். பின்னால் ஆள் உட்கார வசதியுள்ள மோட்டார் சைக்கிளில் கைப்பிடியும் கால்மிதியும் இருக்க வேண்டும், உட்காருபவரின் உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் காப்புதான் சாரி கார்டு. “நான் தனியாகத்தான் ஓட்டுவேன்” என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு நாள் அவசரத்துக்கு அம்மாவையோ தங்கையையோ ஏற்றிக்கொண்டு போகத்தான் போகிறீர்கள். அன்றைக்கு சாரி கார்டை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்ப நேரம் இருக்காது.

கடையில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: “அண்ணே, சாரி கார்டைக் கழட்டாம இந்த ஹக்கரைப் பூட்ட முடியுமா?” முடியாது என்றால் அந்த ஹக்கர் வேண்டாம். செயின் கவருக்கும் இதே கணக்குதான். பல ஹக்கர்கள் செயின் கவர் இருந்த போல்ட் துளைகளையே எடுத்துக்கொள்ளும். நல்ல தயாரிப்பாக இருந்தால் செயினின் மேல்பக்கத்தை மூடும் பகுதி அதோடு சேர்ந்தே வரும். அப்படி வராததை வாங்கிச் செயினைத் திறந்து விடாதீர்கள்.

“நம்பர் பிளேட்டை ஹக்கருக்கு மாற்றினால் பின்பக்கம் எடுப்பாக இருக்கும்”

2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். பின்பக்கப் பிளேட்டைத் திரும்பக் கழற்ற முடியாத ஸ்னாப் லாக் போட்டுப் பூட்டியிருப்பார்கள். இடம் மாற்ற வேண்டுமென்றால் அதை உடைத்தாக வேண்டும். பழைய பின் மட்கார்டை எடுத்தால் நம்பர் பிளேட் விளக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரும் அதோடு போய்விடும், இரண்டும் சட்டப்படி இருக்க வேண்டியவை. இரவில் விளக்கில்லாத சாலையில் டெயில் லைட் பல்பு போன பைக்கைப் பின்னால் வரும் லாரிக்குக் காட்டிக்கொடுப்பது அந்தச் சின்ன ரிஃப்ளெக்டர்தான். தவிர, ஸ்விங் ஆர்மில் தொங்கும் பிளேட் ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரத்தோடு குதிக்கும். கம்பி வெல்டிங் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த வகையில்தான்.

“யுனிவர்சல், எல்லா வண்டிக்கும் சேரும்”

ஸ்விங் ஆர்மின் அகலம், போல்ட் துளைகள், பிரேக் ஹோஸ் போகும் வழி, சைலன்சரின் இடம் எல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். யுனிவர்சல் என்று விற்பதைப் பூட்டக் கடைசியில் கேபிள் டை தேவைப்படும், அல்லது ஸ்விங் ஆர்மில் துளை போட டிரில் மெஷின் வரும். ஸ்விங் ஆர்மில் புதிதாகத் துளை போட விடவே விடாதீர்கள். பின்சக்கரத்தின் சுமை முழுவதும் அதில்தான் இறங்குகிறது, துளையின் விளிம்பிலிருந்துதான் விரிசல் தொடங்கும். இரும்புக் குழாயாக இருந்தால் துளை வழியே தண்ணீர் போய் உள்ளிருந்தே துரு தின்னும்.

உங்கள் மாடலுக்கென்றே செய்ததாக இருந்தாலும், டயர் அளவை மாற்றியிருந்தால் கணக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும். யமஹா எம்டி-15-இன் பின்டயர் 140/70 ஆர்17. அகலம் 140 மி.மீ., பக்கச்சுவர் அதில் 70 சதவீதம், அதாவது 98 மி.மீ. 17 அங்குல ரிம் 432 மி.மீ. மேலும் கீழும் பக்கச்சுவரைக் கூட்டினால் மொத்த உயரம் 628 மி.மீ. இந்த இடத்தில் 150/60 போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கச்சுவர் 90, மொத்த உயரம் 612. டயர் அகலமாகிவிட்டது, ஆனால் குள்ளமாகிவிட்டது. மேலே இடைவெளி 8 மி.மீ. கூடும், பக்கங்களில் ஐந்தைந்து மி.மீ. குறையும். அதுவே 150/70 என்றால் உயரம் 642. மேலே 7 மி.மீ. குறையும், பக்கங்களிலும் குறையும். ‘பெரிய டயர்’ என்ற ஒரே சொல்லைக் கடைக்காரரிடம் சொல்லி ஹக்கர் வாங்கினால் இந்த இரண்டில் எது என்று அவருக்குத் தெரியாது. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள்.

“எவ்வளவு ஒட்டி இருக்கிறதோ அவ்வளவு நல்லது”

தார்ச்சாலையில் ஓரளவுக்குச் சரி. ஆனால் இடைவெளி என்றும் ஒரே அளவாக இருப்பதில்லை. தேய்ந்த டயரை வைத்து அளந்து 10 மி.மீ. என்று திருப்திப்பட்டால், புது டயர் போட்டதும் அதன் பட்டன்கள் ஐந்தாறு மி.மீ. எடுத்துக்கொள்ளும். செயின் நீள நீளச் சக்கரம் அட்ஜஸ்டரில் பின்னால் போகிறது, புது செயின் செட் போட்டதும் மறுபடி முன்னால் வருகிறது. பின் ஸ்ப்ராக்கெட்டில் பல் கூட்டினாலும் அப்படித்தான். ஹக்கரோ ஸ்விங் ஆர்மில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனால் பழைய டயரும் பழைய செயினும் இருக்கிற நாளில் இடைவெளி மிக அகலம், இரண்டையும் புதிதாக மாற்றிய நாளில் மிகக் குறுகல். பூட்டும்போது அந்தக் குறுகலான நாளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தில் டயர் சற்று விரியவும் செய்யும், ரேடியலில் கொஞ்சம், பயாஸ் டயரில் இன்னும் அதிகம். எந்த நிலையிலும் 10 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 12 முதல் 15 இருந்தால் நிம்மதி.

மண்சாலையில் இந்த அளவும் போதாது. கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கம் மழை பெய்த மறுநாள் கரிசல் காட்டுக்குள் பைக்கை விட்டவர்களுக்குத் தெரியும். கரிசல் மண் டயரில் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டே போகும். உதறி விழ இடமில்லாவிட்டால் ஹக்கருக்கும் டயருக்கும் நடுவே அப்பி இறுகி, சக்கரத்தையே பிடித்து நிறுத்திவிடும். மண்ணில் ஓடுவதற்கென்று செய்த பைக்குகளில் மட்கார்டை டயரிலிருந்து நல்ல உயரத்தில் வைத்திருப்பது இதற்காகத்தான். வயல்வேலைக்கும் காட்டுப்பாதைக்கும் ஓட்டுகிற வண்டிக்கு ஒட்டிய ஹக்கர் வேண்டாம். ஷாக்குக்கும் டயருக்கும் நடுவே ரப்பர் மடல் ஒன்றைத் தொங்கவிட்டால் மண்ணும் அடையாது, ஷாக்கும் தப்பிக்கும்.

“கார்பன் ஃபைபர்தான் உறுதி, வேகமும் கூடும்”

வேகம் கூடாது. பந்தயத்தைக் காட்டிப் பேசுபவர்களுக்கு ஒரு சொல்: 2019 மார்ச்சில் கத்தார் மோட்டோஜிபி பந்தயத்தில் டுகாட்டி ஸ்விங் ஆர்முக்கு அடியில் ஒரு தகடு வைத்தது, அதன் வீரர் டொவிசியோசோ ஜெயித்தார், அப்ரிலியா, ஹோண்டா, கேடிஎம், சுசுகி நான்கும் எதிர்ப்புத் தெரிவித்தன. பின்டயரைக் குளிர்விக்க வைத்தது என்றது டுகாட்டி. மேல்முறையீட்டில் வெற்றி செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தகடு டயருக்கு முன்னால், தரையை ஒட்டி நிற்பது. நாம் மேலே பூட்டும் ஹக்கருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உண்மையான கார்பன் லேசானது, ஆனால் நம் தெருக்களுக்கு நல்ல கெட்டியான பிளாஸ்டிக்கே போதும். கார்பன் என்று விற்பதில் பலவும் கோடுபோட்ட படம் ஒட்டிய பிளாஸ்டிக். உள்பக்கத்தையும் போல்ட் துளையின் விளிம்பையும் பார்த்தால் தெரிந்துவிடும். அசலை வாங்கினால் அலுமினிய ஸ்விங் ஆர்மோடு நேரடியாக உரச விடாமல் நைலான் வாஷர் வையுங்கள். ஈரமும் உப்பும் சேரும்போது கார்பன் படும் இடத்தில் அலுமினியம் அரித்துப்போகும், கடற்கரை ஊர்களில் இது சீக்கிரம் நடக்கும். கிளாஸ் ஃபைபர் ஹக்கர்களில் விரிசல் போல்ட் துளையில்தான் ஆரம்பிக்கும் என்பதால் அகலமான வாஷரும் ரப்பர் புஷ்ஷும் அவசியம்.

“நாலு போல்ட்தானே, நாமே இறுக்கிவிடலாம்”

தாராளமாகச் செய்யலாம், அவசரப்படாமல். பேடக் ஸ்டாண்டில் ஏற்றி, எல்லா போல்ட்டையும் கையால் திருகும் அளவுக்கு மட்டும் போடுங்கள். டயரும் செயினும் புதிதாக இருந்தால் 12 மி.மீ., தேய்ந்திருந்தால் அதைவிடத் தடிமனான ரப்பர் துண்டை டயருக்கும் ஹக்கருக்கும் நடுவே செருகி, நடுவாக நிறுத்தி, பிறகு இறுக்குங்கள். இவை பெரும்பாலும் எம்6 போல்ட்கள், 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் போனால் அலுமினியத்தில் மரை போய்விடும். நீல நிறத் திரெட் லாக்கர் விடுவது நல்லதுதான், ஆனால் ஒரு சொட்டு, போல்ட்டின் நுனியில் மட்டும். வழிந்து ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் பட்டால் சில நாளில் போல்ட்டைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் ஓடும். பலர் மட்டமான ஹக்கர் என்று திட்டுவது இதைத்தான்.

பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் சென்சார் வயரையும் பிடித்திருந்த கிளிப்புகள் பழைய போல்ட்டோடு கழன்று வந்திருக்கும். அவற்றை மறக்காமல் அதே இடத்தில் திரும்பப் பூட்டுங்கள். தளர்ந்த ஹோஸ் டயரில் உரசினால் பின் பிரேக் போய்விடும். அடுத்து, இரண்டு பேர் சீட்டில் அழுத்தி உட்கார, மூன்றாமவர் குனிந்து ஹக்கரின் மேல் விளிம்பு சீட்டுக்கு அடியிலோ சைலன்சரிலோ இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். 100 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை சரிபாருங்கள். அதற்குப் பிறகு டயரோ செயின் செட்டோ மாற்றும்போதெல்லாம், மெக்கானிக் ஆக்சில் நட்டை இறுக்கிய பின், வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்குவதற்கு முன், சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, மிகக் குறுகிய இடத்தில் அந்த 10 மி.மீ. இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பார்த்துவிடுங்கள்.