விசாரித்து அறிந்த பின்னரே கொடுங்கள்

 

நமது புக்கிட் மெர்தாஜாம் கடைத்தெருவில் ஐம்பது வெள்ளி நோட்டை வாங்கும் கடைக்காரர், அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாராமல் கல்லாவில் போடமாட்டார். ஆனால் முகமறியாத ஒருவன் தொலைபேசியில் அதட்டினால், அவரே தம் சேமிப்பு முழுவதையும் அனுப்பிவிடுகிறார். காரணம் யாது?

‘மக்காவ் மோசடி’ என்று மலேசியாவில் பெயர் பெற்ற வஞ்சகத்தைக் கவனியுங்கள். முதலில் பேசுகிறவன் பாங்கி ஊழியன் என்றோ, பார்சல் கம்பெனிக்காரன் என்றோ சொல்வான். உங்கள் பெயரில் குற்றம் பதிவாகியிருக்கிறது என்பான். அடுத்து ஒரு ‘போலீஸ் அதிகாரி’ வருவார். கைது வாரண்டு உண்டு, யாரிடமும் சொல்லாதே, விசாரணை முடியும்வரை பணத்தை இந்தக் கணக்கில் போடு என்பார். அச்சம், அவசரம், இரகசியம் ஆகிய மூன்றுமே அவர்களின் ஆயுதங்கள். தொலைபேசியில் தெரியும் எண்ணையும் நம்ப இயலாது. உண்மையான அலுவலகத்தின் எண் போலவே காட்டும் தந்திரம் அவர்களுக்குத் தெரியும்.

எனக்கும் ஒருநாள் லுஹருக்குச் சற்று முன் இப்படி அழைப்பு வந்தது. கை நடுங்கியது. பாங்கு ஒலிக்கவே, தொழுதுவிட்டுப் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். தொழுகைக்குப் பின் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னேன். இருவருமாக உண்மையான அலுவலகத்தைக் கேட்டபோது, அப்படி ஒரு வழக்கே இல்லை. அந்தக் கால்மணி நேரமே என்னைக் காப்பாற்றியது, அல்ஹம்து லில்லாஹ்.

சூரத்துல் ஹுஜுராத்தின் 6-ஆம் வசனம், நம்பத்தகாதவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது. பனூ முஸ்தலிக் கூட்டத்தார் ஜகாத் கொடுக்க மறுத்தனர் என்று வந்த தவறான செய்தியை ஒட்டி இது இறங்கியதாகத் தப்ஸீர்கள் கூறும். ஆகையால் விசாரிப்பது கோழைத்தனமன்று. அது மார்க்கக் கடமை.

விசாரிக்கும் முறை இது. அழைப்பைத் துண்டியுங்கள். பாங்கி அட்டையின் பின்புறமுள்ள எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். தொலைபேசி வழியே பணத்தை மாற்றச் சொல்வது எந்தப் போலீஸ் நிலையத்தின் வேலையும் அன்று. கைபேசிக்கு வரும் இரகசிய எண் உங்கள் கல்லாப் பெட்டியின் சாவி. பாங்கிக்காரர் என்று சொல்பவரிடமும் அதைச் சொல்லாதீர்கள். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். பிறர் தரும் கணக்கு எண்ணைப் போலீஸாரின் ‘செமாக் மியூல்’ தளத்தில் சோதிக்கலாம். ஆனால் அதில் பெயர் இல்லாததே நல்லவன் என்பதற்குச் சாட்சி ஆகாது.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே உங்கள் பாங்கிக்கோ, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கோ சொல்லுங்கள். பின்னர் போலீஸில் புகார் எழுதுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்கு ஓடிக்கொண்டே இருக்கும். தாமதிக்கத் தாமதிக்க அதைப் பிடிப்பது அரிது.

கடைசியாக, நம் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. சில நூறு வெள்ளிக்காகத் தம் பாங்கி அட்டையையும் சிம் அட்டையையும் பிறரிடம் கொடுப்போர் உண்டு. ஏழை விதவையின் பணம் அந்தக் கணக்கின் வழியாகத்தான் களவு போகிறது. இத்தகைய கணக்குகளைத் தண்டிக்க 2024-இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டத்துக்கு முன்பே மார்க்கம் இதைத் தடுத்துவிட்டது. மதீனத்துச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கை விட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு, ஏமாற்றுகிறவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்று கண்டித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அட்டையை வாடகைக்கு விடுகிறவன் அந்த ஈரத்தை மறைக்கத் துணை போகிறவனே.

இன்றிரவே உங்கள் வீட்டு முதியோரிடமும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிவையுங்கள். வல்ல அல்லாஹ் நம் அனைவரின் ஹலாலான பொருளையும் காப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.