திரவப் பிரித்தெடுப்புக் கணக்கு: கடைசி ஸ்டேஜிலிருந்து தொடங்குங்கள்

மாஸ் டிரான்ஸ்ஃபர் தாளில் டிஸ்டிலேஷன் கணக்கென்றால் கை தானாக ஓடும். எக்ஸ்ட்ராக்‌ஷன் கணக்கென்றால் பலர் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள். முக்கோண வரைபடத்தின் மீதுள்ள பயம்தான் காரணம். ஆனால் தேர்வில் வரும் எத்தனையோ கணக்குகளுக்கு முக்கோணமே வேண்டாம். அது வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்வதுதான் முதல் வேலை.

கேள்வியைப் படித்ததும் மூன்று பொருள்களைத் தனித்தனியே எழுதுங்கள்: பிரிய வேண்டிய பொருள், அது இப்போது கரைந்திருக்கும் திரவம், அதை வாங்கிக்கொள்ளப்போகும் சால்வென்ட். இந்த இரண்டு திரவங்களும் ஒன்றோடொன்று கலக்குமா என்று பாருங்கள். கலக்காது என்று கேள்வியே சொல்லிவிட்டாலோ, சமநிலைக்கு ஒரே ஒரு பங்கீட்டு எண் மட்டும் கொடுத்திருந்தாலோ முக்கோணத்தை மறந்துவிடலாம்.

தண்ணீரிலுள்ள நிக்கோடினை மண்ணெண்ணெயால் பிரிப்பதை எடுத்துக்கொள்வோம். டிரேபாலின் மாஸ் டிரான்ஸ்ஃபர் புத்தகத்தைப் புரட்டியவர்களுக்குப் பழகிய உதாரணம்தான். புகையிலைக் கழிவைச் சுண்ணாம்போடு சேர்த்தால் நிக்கோடின் உப்பு நிலையிலிருந்து விடுபடும், பிறகு மண்ணெண்ணெய்க்குப் போகும். அந்த மண்ணெண்ணெயை நீர்த்த கந்தக அமிலத்தால் கழுவினால் நிக்கோடின் சல்ஃபேட் கிடைக்கும். ஒரு காலத்தில் பூச்சிமருந்தாக விற்ற சரக்கு இது.

நம் கணக்கு: ஃபீட் 1000 கிலோ, அதில் நிக்கோடின் 1 சதவீதம். மண்ணெண்ணெய் 1650 கிலோ, புதிது. சமநிலையில் ஒரு கிலோ மண்ணெண்ணெயிலுள்ள நிக்கோடின், ஒரு கிலோ தண்ணீரிலுள்ளதைப் போல் 0.9 மடங்கு என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது, எல்லாவற்றையும் விகிதமாக மாற்றுவது. தண்ணீர் 990 கிலோ, நிக்கோடின் 10 கிலோ. இந்த 990 முதல் ஸ்டேஜிலும் 990தான், கடைசி ஸ்டேஜிலும் 990தான். மண்ணெண்ணெயும் அப்படியே. நிறைப் பின்னத்தில் கணக்குப் போட்டால் வகுக்கும் எண் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் மாறிக்கொண்டே இருக்கும். 1 சதவீத ஃபீடில் இந்த வித்தியாசம் தெரியாது (0.0100, 0.0101). 30 சதவீத ஃபீடில் பின்னம் 0.30, விகிதம் 0.43. இங்கே குழப்பிக்கொண்டால் அதன்பிறகு எவ்வளவு சரியாகப் போட்டாலும் விடை வராது.

பிறகு பிரிப்புக் காரணி. 0.9ஐ 1650ஆல் பெருக்கி 990ஆல் வகுத்தால் 1.5. அதாவது எந்த ஸ்டேஜிலும் எக்ஸ்ட்ராக்டில் (மண்ணெண்ணெய்ப் பக்கம்) வெளியேறும் நிக்கோடின், ராஃபினேட்டில் (தண்ணீர்ப் பக்கம்) வெளியேறுவதைப் போல் ஒன்றரை மடங்கு. பங்கீட்டு எண் தலைகீழாக, தண்ணீரை மேலே வைத்துக் கொடுக்கப்பட்டிருக்கலாம். ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஸ்டேஜ் என்றால் 10 கிலோ 1க்கு 1.5 என்று பிரிகிறது. தண்ணீரில் 4 கிலோ தங்கும், 60 சதவீதம் வெளியே வரும். அதே 1650 கிலோவை மூன்று 550ஆகப் பிரித்து அடுத்தடுத்து ஊற்றினால் ஒவ்வொரு முறையும் காரணி 0.5. தங்குவது மூன்றில் இரண்டு பங்கு, அதில் மூன்றில் இரண்டு, மறுபடி மூன்றில் இரண்டு: 2.96 கிலோ. வெளியே வருவது 70.4 சதவீதம். துணியை ஒரே பெரிய வாளியில் அலசுவதைவிட அதே தண்ணீரில் மூன்று முறை அலசுவது மேல் என்பது போலத்தான்.

எதிரோட்டத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கிரெம்சர் சூத்திரம் இருக்கிறது, ஆனால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதே 1650 கிலோ, மூன்று ஸ்டேஜ் என்று வைத்துக் கடைசி ஸ்டேஜிலிருந்து பின்னோக்கி வாருங்கள். அங்கிருந்து போகும் ராஃபினேட்டில் 1 பங்கு நிக்கோடின் என்று வையுங்கள். அப்படியானால் அதே ஸ்டேஜின் எக்ஸ்ட்ராக்டில் 1.5 பங்கு. உள்ளே வந்த சால்வென்டில் ஒன்றுமில்லை, ஆகவே இரண்டாம் ஸ்டேஜிலிருந்து வந்த ராஃபினேட்டில் 2.5 பங்கு இருந்திருக்க வேண்டும். இரண்டாம் ஸ்டேஜின் எக்ஸ்ட்ராக்ட் 3.75. இந்த 3.75ஓடு கடைசியில் போன 1ஐக் கூட்டினால் முதல் ஸ்டேஜின் ராஃபினேட் 4.75. அதன் எக்ஸ்ட்ராக்ட் 7.125. ஃபீடில் மொத்தம் 8.125. தங்கியது 8.125இல் 1 பங்கு, அதாவது 1.23 கிலோ. பிரிந்தது 87.7 சதவீதம். சால்வென்ட் ஒரு கிலோகூடக் கூடவில்லை, ஸ்டேஜும் அதே மூன்றுதான்.

95 சதவீதம் வேண்டும், எத்தனை ஸ்டேஜ் என்று கேட்டால் இதே ஏணியில் ஃபீட் 20 பங்கைத் தாண்டும்வரை ஏறுங்கள். நான்கு ஸ்டேஜில் 13.19, ஐந்தில் 20.78. ஆக ஐந்து.

குறைந்தபட்ச சால்வென்ட் கேட்டால், எக்ஸ்ட்ராக்ட் வெளியேறும்போது ஃபீடோடு சமநிலையில் இருப்பதாக வையுங்கள். ஒரு கிலோ மண்ணெண்ணெய் அதிகபட்சம் 0.00909 கிலோ நிக்கோடினைச் சுமக்கும். 9.5 கிலோவைச் சுமக்க 1045 கிலோ தேவை. அதைவிடக் குறைவாக ஊற்றினால் நூறு ஸ்டேஜ் வைத்தாலும் நடக்காது.

பங்கீட்டு எண் செறிவோடு மாறினால் இந்த ஏணி உதவாது, வரைபடம் போட வேண்டும். சமநிலைக் கோட்டுக்குக் கீழே ஆப்பரேட்டிங் லைன், இரண்டுக்கும் நடுவே படிக்கட்டு.

அசெட்டிக் அமிலம், தண்ணீர், ஐசோபுரொப்பைல் ஈதர் போன்ற கூட்டணியில் அமிலம் ஏற ஏற ஈதரும் தண்ணீரும் ஒன்றில் ஒன்று கூடுதலாகக் கரையும். இங்கே முக்கோணத்தைத் தவிர்க்க முடியாது. 30 சதவீத அமில ஃபீட் 100 கிலோ, ஈதர் 150 கிலோ என்றால் கலவைப் புள்ளியில் அமிலம் 12, தண்ணீர் 28, ஈதர் 60 சதவீதம். இந்தப் புள்ளியை அளவுகோலால் தேடாமல் எண்ணாகவே கண்டுபிடித்துக் குறியுங்கள். ஒற்றை ஸ்டேஜ் என்றால் அதன் வழியே போகும் டை லைனின் இரு முனைகளே விடை. கொடுத்த டை லைன்களில் எதுவும் சரியாக அதன் வழியே போகாவிட்டால், பக்கத்து இரண்டின் சாய்வுக்கு நடுவே ஒன்றை வரையுங்கள்.

எதிரோட்டத்தில் இறுதி ராஃபினேட்டிலிருந்து கலவைப் புள்ளி வழியே கோடு இழுத்தால் எக்ஸ்ட்ராக்ட் வளைவில் முதல் எக்ஸ்ட்ராக்ட் கிடைக்கும். இந்தக் கோட்டை டை லைன் என்று நினைப்பதுதான் விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை. அது வெறும் நிறைச் சமன்பாடு. ஃபீடையும் முதல் எக்ஸ்ட்ராக்டையும் இணைக்கும் கோடும், இறுதி ராஃபினேட்டையும் சால்வென்டையும் இணைக்கும் கோடும் நீண்டு சந்திக்குமிடம் டெல்டா புள்ளி. ஹன்டரும் நாஷும் 1934இல் தந்த வழி இது. அதன்பிறகு டை லைன் ஒன்று, டெல்டாவிலிருந்து கோடு ஒன்று என்று மாறி மாறி வரைய வேண்டியதுதான். டெல்டா தாளுக்கு வெளியே விழுந்தால் பக்கத்தில் இன்னொரு தாளை ஒட்டிக்கொள்ளுங்கள், மதிப்பெண் குறையாது.

மீட்டெடுத்த சால்வென்ட் என்று கேள்வியில் இருந்தால் அதில் கொஞ்சம் கரைபொருள் மிச்சமிருக்கலாம். அப்போது ஏணியின் முதல் படியே மாறும், எனவே அந்த ஒரு வரியை இரண்டு முறை படித்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.