குளிப்பாட்டுவது கடைசி வேலை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்த கையோடு, சென்னை மணலியில் உள்ள சி.பி.சி.எல். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு கிளம்பிய எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தது. காட்டுக்குப்பத்திலும் நெட்டுக்குப்பத்திலும் படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் கருப்பு ஏறியது. கூடவே, மார்பும் சிறகும் கருத்துப்போன கூழைக்கடாக்கள். அதற்கு முன் 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோதும் இந்தக் கரை இதே கருப்பைப் பார்த்தது. சுற்றிலும் ஆலையும் துறைமுகமும் இருக்கும்வரை இன்னொரு முறை நடக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எண்ணெயில் நனைந்த பறவையைக் கண்டால் நம் கை முதலில் சோப்பைத்தான் தேடும். தயவுசெய்து கழுவாதீர்கள். நல்ல மனசோடு செய்கிற இந்த ஒரு காரியத்தால் பிழைக்க வேண்டிய பறவையும் செத்துப்போகிறது.

காரணம் இதுதான். பறவையின் இறகுகள் ஓடு வேய்ந்த கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால்தான் தண்ணீர் உள்ளே போவதில்லை. எண்ணெய் பட்டதும் அந்த அடுக்கு பிரிந்து, தண்ணீர் நேராகத் தோலைத் தொடுகிறது. பறவையின் உடம்புச் சூடு ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ். சென்னைதானே, என்ன குளிர் என்று தோன்றும். ஆனால் நாள் முழுக்க நனைந்தே கிடக்கும் பறவை நம் ஊரிலும் விறைத்துப்போகும். அது சும்மாவும் இருக்காது, அலகால் இறகைக் கோதிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கோதலிலும் எண்ணெய் வயிற்றுக்குள் போய், குடலைப் புண்ணாக்கி, ரத்தத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நம் கைக்கு வரும்போதே அது குளிர்ந்து, உடம்பில் நீர் வற்றி, பட்டினியில் இருக்கும். அந்த நிலையில் வாளித் தண்ணீரில் முக்கினால் பயத்திலும் அதிர்ச்சியிலும் கையிலேயே உயிர் போய்விடும். உலகம் முழுக்க இந்த வேலையில் இருப்பவர்கள் முதல் ஒன்றிரண்டு நாள் உடம்பைத் தேற்றிய பிறகுதான் கழுவுகிறார்கள். 2000-ல் கேப் டவுன் அருகே ட்ரெஷர் என்ற கப்பல் மூழ்கி, சுமார் 19,000 பென்குயின்கள் எண்ணெயில் நனைந்தன. அவற்றில் பத்தில் ஒன்பதைத் திரும்பக் கடலுக்கு அனுப்ப முடிந்தது என்றால், இப்படி முறையாகச் செய்ததும் ஒரு முக்கியக் காரணம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

கரையில் ஒதுங்கி நிற்கும் பறவைக்கும் தண்ணீருக்கும் நடுவில் போய் நில்லுங்கள். தண்ணீர்ப் பக்கம் விரட்டினால் மறுபடி எண்ணெயில்தான் இறங்கும். பழைய போர்வையோ லுங்கியோ ஒன்றைத் தலையோடு சேர்த்து மேலே போடுங்கள். இருட்டானதும் பெரும்பாலும் அடங்கிவிடும். முதலில் அலகு, பிறகு சிறகு. இரண்டு சிறகையும் உடம்போடு மடக்கி அணைத்துத் தூக்குங்கள். கொக்கும் நாரையும் கண்ணைக் குறிவைத்துக் குத்தும். அதனால் அலகு உங்கள் முகத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்; கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கையுறை, முழுக்கை சட்டை, முகக்கவசம் மூன்றும் கட்டாயம், அந்த எண்ணெய் உங்களுக்கும் விஷம்தான்.

கூழைக்கடா என்றால் இன்னொரு விஷயம். அதன் மூக்குத் துளைகள் மூடியிருப்பதால் அது வாயால்தான் மூச்சு விடுகிறது. கொத்துமே என்று பயந்து அலகை ரப்பர் பேண்டாலோ டேப்பாலோ இறுகக் கட்டினால் மூச்சுத் திணறிச் செத்துவிடும். அலகைப் பிடிக்கும்போது மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவில் உங்கள் விரல் ஒன்றைக் கொடுத்து, அந்த இடைவெளியை விட்டே பிடியுங்கள்.

பிறகு, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி. பெரிய பறவைக்கு, கவிழ்த்த மீன்கூடை மேல் துணி போர்த்தினாலும் போதும். அடியில் கெட்டியாகத் துணி விரியுங்கள். வெறும் தரையில் உட்கார்ந்தால் மார்பெலும்பு மேல் புண் வரும். தெர்மோகோல் பெட்டியில் வைத்து மூடாதீர்கள், எண்ணெய் ஆவியிலேயே மயங்கிவிடும். துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை ஒரு மூலையில் மட்டும் வையுங்கள். வாயைத் திறந்து தொண்டைப்பை படபடத்தால் சூடு அதிகம் என்று அர்த்தம், உடனே பாட்டிலை எடுத்துவிடுங்கள். கண்ணிலும் வாயிலும் அப்பியிருக்கும் எண்ணெயை மட்டும் மெல்லிய துணியால் துடைக்கலாம். மண்ணெண்ணெய், பெட்ரோல் கிட்டவே வரக்கூடாது. மீன் ஊட்டுவது, பால் கொடுப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். தளர்ந்த பறவைக்கு ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குத்தான் போகும்.

அன்றைக்கே வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையை நாம் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது. அவர்கள் வரத் தாமதமானால், அவர்களிடம் சொல்லிவிட்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம்.

கழுவுவதை ஏன் அவர்களிடம் விடச் சொல்கிறேன் என்றால், ஒரே ஒரு கூழைக்கடாவை முழுதாக அலச ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும், அதுவும் 40 டிகிரி சூட்டில். லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் வீடுகளால் அது ஆகிற காரியமில்லை. நம் பக்கத்து உப்புத் தண்ணீர் இதற்கு உதவவும் உதவாது. கடினநீரின் உப்பு இறகில் படிந்தாலும், துளி சோப்பு மிஞ்சினாலும் நீர் ஒட்டாத தன்மை திரும்பாது. கழுவிய பிறகும் பறவை தானே கோதி இறகை அடுக்கிக்கொள்ள வேண்டும். தொட்டியில் விட்டுப் பார்த்து, நனையாமல் மிதந்தால்தான் வெளியே விடலாம். விடுகிற இடம் எண்ணெய் படாத நீர்நிலையாக இருக்க வேண்டும்.

எண்ணெய் பட்டும் பறக்கிற பறவையைத் துரத்தாதீர்கள். மிச்சமிருக்கும் தெம்பும் அதில் தீர்ந்துவிடும். எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை பறவை என்று குறித்து, படம் எடுத்து வனத்துறைக்கு அனுப்புங்கள். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தால் பிடிப்பவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

செத்த பறவையையும் புதைத்துவிடாதீர்கள். இடமும் தேதியும் தெரியப் படம் எடுத்துவைத்து, உடலை வனத்துறையிடமே ஒப்படையுங்கள், பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். 2023 கசிவு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனது. அந்த மாதிரி இடத்தில் கூழைக்கடாவுக்காகப் பேச, குப்பத்து மக்கள் எடுத்துவைக்கும் இந்த ஆதாரத்தை விட்டால் வேறு ஆளில்லை.